காற்றில் எத்தனை சதவீதம்? வாயு, ஆவிக் கலவைகள் தீப்பற்றுவதும் வெடிப்பதும்

எரியும் வாயு தீப்பிடிக்க அது காற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். அந்தக் கலவையைப் பொறியோ சுடரோ சூடேறிய உலோகமோ தொட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெயின்ட் பூத், திருமுல்லைவாயில் வெல்டிங் பட்டறை, ஆவடியில் பேட்டரி சார்ஜ் செய்யும் அறை, பூந்தமல்லி நெடுஞ்சாலையோர ஓட்டல், வீட்டுச் சமையலறை ஆகிய எல்லாவற்றுக்கும் விதி இதுவே. விகிதத்தை அறிந்தவர்கள் அதை ஆபத்தான எல்லைக்குள் வரவிடாமல் தடுக்க முடியும். அறியாதவர்கள் மூக்கையும் கண்ணையும் நம்புகிறார்கள்; இரண்டும் இந்த விஷயத்தில் நம்பத் தகுந்தவை அல்ல.

இரண்டு வரம்புகள்

காற்றில் வாயு மிகக் குறைவாக இருந்தால் தீ பரவாது. மிக அதிகமாக இருந்தாலும் பரவாது, ஏனெனில் எரியப் போதிய ஆக்சிஜன் இல்லை. இடைப்பட்ட பகுதியில் பொறி விழுந்தால் சுடர் கலவை முழுவதும் தானாகவே ஓடும். பகுதியின் தொடக்கம் கீழ் வரம்பு, முடிவு மேல் வரம்பு. பட்டறைகளில் பழக்கமான பொருள்களின் வரம்புகள், காற்றில் கன அளவு சதவீதத்தில், ஏறத்தாழ இவை:

மீத்தேன் (குழாய் எரிவாயு, சி.என்.ஜி., சாக்கடை வாயு): 5 முதல் 15
புரொப்பேன்: 2.1 முதல் 9.5
பியூட்டேன்: 1.8 முதல் 8.4
பெட்ரோல் ஆவி: 1.4 முதல் 7.6
டொலுவின் (தின்னரின் முக்கியக் கூறு): 1.1 முதல் 7.1
எத்தில் அசிடேட்: 2 முதல் 11.5
அசிட்டோன்: 2.5 முதல் 12.8
எத்தனால்: 3.3 முதல் 19
ஹைட்ரஜன்: 4 முதல் 75
அசிட்டிலின்: 2.5 முதல் 80க்கு மேல்

இந்தப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கீழ் வரம்பு. டொலுவினுக்கு நூறு பங்கு காற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆவி இருந்தாலே போதும். அடுத்து, இரண்டு வரம்புகளுக்கும் இடையே உள்ள அகலம். ஹைட்ரஜனும் அசிட்டிலினும் ஏறக்குறைய எந்த விகிதத்திலும் பற்றும். அசிட்டிலின் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அழுத்தம் ஏறினால் காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கும். அதனால்தான் கேஸ் கட்டிங்குக்கு வரும் டிஏ சிலிண்டருக்குள் அது நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் கரைந்த நிலையில் அடைக்கப்படுகிறது. அதன் குழாய்களில் சுத்தமான செம்பு கூடாது. செம்போடு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் சேர்மம் உண்டாகும்.

மேல் வரம்புக்கு மேலே இருப்பது பாதுகாப்பு அல்ல. அந்தக் கலவையில் புதுக் காற்று நுழையும்போதெல்லாம் அது எரியும் பகுதியைக் கடந்துதான் கீழே இறங்க வேண்டும். வாயு நிறைந்த அறையின் கதவைத் திறக்கும் கணத்தில் வாசலருகே உள்ள கலவை சரியாக அந்தப் பகுதிக்குள் வருகிறது. காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் சேர்ந்தால் மேல் வரம்பு மிகவும் விரியும்; மீத்தேனுக்கு அது 15இலிருந்து சுமார் 61 சதவீதமாகிறது. மூடிய இடத்தில் ஆக்சிஜன் ஹோஸைத் திறந்தபடி விட்டுச் செல்வது எரிவாயுவைத் திறந்துவிடுவதற்கு இணையான தவறு.

ஆவி எங்கே தங்கும்

சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தரையில் படர்ந்து, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்குப் போய், படிக்கட்டில் இறங்கி, வடிகாலில் தேங்கும். டொலுவின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. பெட்ரோல் ஆவியும் ஏறக்குறைய அப்படியே. குழாயில் வரும் மீத்தேனோ காற்றின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல். அது மேலேறிக் கூரையடியில் சேரும். ஹைட்ரஜன் அதையும்விட வேகமாக மேலே போகும்.

எண்ணூர் எல்.என்.ஜி. முனையம் 2019இல் இயங்கத் தொடங்கிய பின் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் குழாய் எரிவாயு பரவிவருகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் சிலிண்டரும் அடுத்த வீட்டில் குழாயும் இருக்கலாம். சிலிண்டர் வீட்டில் கசிவு உணரும் கருவி தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். குழாய் வீட்டில் கூரையிலிருந்து ஒரு அடிக்குள். இடம் மாறி மாட்டிய கருவி ஆபத்து முற்றிய பிறகே ஒலிக்கும்.

சிலிண்டர் வாயுவின் கணக்கு எளிது. பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள சமையலறையின் கொள்ளளவு சுமார் 22.6 கன மீட்டர். அதில் சிலிண்டர் வாயுவின் கீழ் வரம்பான 1.9 சதவீதம் என்றால் 0.43 கன மீட்டர். ஒரு கிலோ எல்.பி.ஜி. ஆவியாகும்போது 0.47 கன மீட்டர் அளவுக்கு விரிகிறது. எனவே 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கசிந்தாலே அறை முழுவதும் கீழ் வரம்பைத் தொடும். வாயு சமமாகப் பரவாமல் அடியில் ஒரு அடி உயரத்துக்கு மட்டும் தங்கினால் 90 கிராமே போதும். பற்றவைக்காமல் திறந்துவிட்ட வீட்டு பர்னர் மணிக்குச் சுமார் 150 கிராம் விடும். சன்னல் மூடிய அறையில் தரையடுக்கு ஆபத்தாவதற்கு ஒரு மணி நேரம் கூடத் தேவையில்லை.

திரவமும் வெயிலும்

திரவங்களில் எரிவது அவற்றின் மேலுள்ள ஆவி. எந்த வெப்பநிலையில் அந்த ஆவி கீழ் வரம்பை எட்டுகிறதோ அதுவே ஃப்ளாஷ் பாயிண்ட். பெட்ரோலுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ், அசிட்டோனுக்கு மைனஸ் 20, எத்தில் அசிடேட்டுக்கு மைனஸ் 4, டொலுவினுக்கு 4, எத்தனாலுக்கு 13, சைலீனுக்கு 27 அளவில். இந்தியத் தரத்தின்படி டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் குறைந்தபட்சம் 35.

பெட்ரோலிய விதிகள், 2002 இந்த எண்ணை வைத்தே திரவங்களைப் பிரிக்கின்றன: 23 டிகிரிக்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65 வரை பி வகுப்பு, 65 முதல் 93 வரை சி வகுப்பு. சென்னையின் மேற்குப் புறநகரில் மே மாதப் பிற்பகல் நிழலில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. தகரக் கூரையின் கீழ் இன்னும் கூடும். மார்கழிக் காலையில் பற்றாத மண்ணெண்ணெய் அந்த வேளையில் பற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஊரின் வெயிலைச் சேர்த்தே லேபிளில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்.

திரவம் நுண்துளிகளாகச் சிதறினால் ஃப்ளாஷ் பாயிண்டுக்குக் கீழேயும் தீப்பிடிக்கும். துணியிலோ மரத்தூளிலோ ஊறினாலும் அப்படியே. டீசல் எளிதில் பற்றாது என்ற எண்ணத்தில் அலட்சியம் காட்டக் கூடாது. 2025 ஜூலை 13 அதிகாலையில் டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம்புரண்டு தீப்பிடித்தது. டேங்கர் வேகன்கள் பல எரிந்தன, சென்னை–அரக்கோணம் தடம் முடங்கியது.

மூடிய டிரம்மின் உள்ளே நடப்பதும் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் பெட்ரோல் தொட்டியின் வெற்றிடத்தில் ஆவி மேல் வரம்பைத் தாண்டி நிற்கும். அசிட்டோனும் அப்படியே. டொலுவினோ அதே வெப்பத்தில் சுமார் 4.8 சதவீத ஆவியைத் தருகிறது. அது எரியும் பகுதியின் நடுவில் விழுகிறது. எத்தனால் சுமார் 10 சதவீதம், மெத்தனால் 21 சதவீதம். இவையும் தங்கள் வரம்புகளுக்குள்ளேயே. சென்னையின் சாதாரண நாளில், பாதி நிரம்பிய தின்னர் டிரம்மின் உட்புறம் பொறிக்குக் காத்திருக்கும் கலவையாகவே இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

காலி டிரம்

200 லிட்டர் பேரலில் 1.1 சதவீதம் என்றால் 2.2 லிட்டர் ஆவி. அதைத் தர 10 மில்லிலிட்டருக்கும் குறைவான டொலுவின் போதும்: இரண்டு தேக்கரண்டி. கவிழ்த்து வடித்த பேரலின் மடிப்பிலும் துருவிலும் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும். காயலான் கடைகளிலும் பட்டறைகளிலும் பழைய பேரலைத் தண்ணீர்த் தொட்டியாக்கவோ தகடாக்கவோ கேஸ் கட்டரோ கிரைண்டரோ வைப்பவர்கள் இந்த இரண்டு தேக்கரண்டியால் உயிரிழக்கிறார்கள். மூடி பறக்கிறது, குனிந்து வேலை செய்தவரின் முகமும் மார்பும் நேரே அதன் பாதையில் இருக்கின்றன. முழுவதும் தடுக்கக்கூடிய மரணம் இது.

எரியக்கூடிய பொருள் இருந்த தொட்டியை, பொருளும் ஆவியும் நீங்க வழி செய்யாமல் வெல்டிங் செய்யவோ வெட்டவோ கூடாது என்று தொழிற்சாலைகள் சட்டம், 1948 தன் 37ஆம் பிரிவில் விதித்தது. நடைமுறையில் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. முன்பு என்ன இருந்தது என்பதை உறுதி செய்ய வேண்டும். தெரியாவிட்டால் பெட்ரோல் இருந்ததாகவே கொள்ள வேண்டும்.
2. மிச்சத்தை வடித்து, நீராவியாலோ சோப்பு கலந்த வெந்நீராலோ நன்றாகக் கழுவ வேண்டும். தண்ணீரால் ஒருமுறை அலசுவது போதாது.
3. வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். மேலே மிஞ்சும் வெற்றிடத்தில் நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு செலுத்தலாம். எல்லா மூடிகளும் திறந்திருக்க வேண்டும்.
4. வாயு அளவிடும் கருவியால் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். வேலை நடுவிலும் மறுபடி பார்க்க வேண்டும்.

டீசல், எண்ணெய் டிரம்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆறிய நிலையில் கருவி பூஜ்ஜியம் காட்டும். கட்டரின் சூட்டில் சுவரில் படிந்த படலம் ஆவியாகி, ஒரு நிமிடம் முன்பு இல்லாத கலவை உண்டாகும்.

கலவைகளின் கணக்கு

தின்னர், மை, பசை எதுவும் ஒற்றைப் பொருளால் ஆனதல்ல. ஆவிகள் கலந்திருக்கும்போது கீழ் வரம்பைக் கணக்கிட 1891இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாட்டலியே தந்த விதி இன்றும் பயன்படுகிறது. ஆவியில் ஒவ்வொரு பொருளின் பங்கையும் அதன் கீழ் வரம்பால் வகுத்து, வந்தவற்றைக் கூட்டி, 1ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

ஆவியில் டொலுவின் 60 சதவீதம், எத்தில் அசிடேட் 40 சதவீதம் என்றால்: 0.6ஐ 1.1ஆல் வகுத்தால் 0.545, 0.4ஐ 2ஆல் வகுத்தால் 0.2, கூட்டினால் 0.745. 1ஐ அதனால் வகுக்க 1.34 சதவீதம் வருகிறது. பியூட்டேன் 60, புரொப்பேன் 40 என்ற சமையல் வாயுவுக்கு இதே வழியில் 1.9 வருகிறது. திரவத்தில் உள்ள விகிதமும் ஆவியில் உள்ள விகிதமும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. எளிதில் ஆவியாவது மேலே அதிகம் இருக்கும். விகிதம் தெரியாத இடத்தில் கலவையில் மிகக் குறைந்த கீழ் வரம்புள்ள பொருளையே அளவாகக் கொள்வது நல்லது.

பொறி

புரொப்பேன் கலவையைப் பற்றவைக்க 0.25 மில்லிஜூல் போதும், ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூலுக்கும் குறைவு. சுவிட்சைத் தட்டும்போதும், ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட் தானாக இயங்கும்போதும், காலிங் பெல் அடிக்கும்போதும் உண்டாகும் பொறி இதைவிட வலியது. பூஜை விளக்கு, ஊதுபத்தி, இரு சக்கர வண்டியைக் கிளப்புவது, கிரைண்டர், இழுக்கும் ஷட்டரின் உராய்வு ஆகியவையும் பட்டியலில் சேரும்.

நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பொறி. குழாயில் ஓடும் கரைப்பானும் பிளாஸ்டிக் புனலும் மின்னூட்டத்தைச் சேர்க்கின்றன. பேரலிலிருந்து டின்னுக்கு ஊற்றுமுன் இரண்டையும் உலோகக் கம்பியால் இணைத்து, பேரலைத் தரையோடு எர்த் செய்ய வேண்டும். மேலிருந்து கொட்டாமல் குழாயின் முனை டின்னின் அடியைத் தொட ஊற்ற வேண்டும். பெட்ரோலையோ தின்னரையோ பிளாஸ்டிக் குடத்தில் வைப்பதை நிறுத்த வேண்டும். கடலோரக் காற்றின் ஈரம் ஓரளவு உதவினாலும், ஏசி அறைகளில் அந்த உதவி இல்லை.

தீயா, வெடிப்பா

திறந்த வெளியில் பற்றிய மெல்லிய கலவை பெரும்பாலும் தீயாகப் பாய்ந்து ஓயும். மூடிய அறையில் அதே கலவை, சூடான வாயு விரிய இடமில்லாமல், காற்றழுத்தத்தின் எட்டு மடங்கு வரை ஏறக்கூடும். சாதாரண செங்கல் சுவர் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. திறந்த வெளியிலும் ஆவிமேகம் பெரிதாகி, குழாய்களும் தொட்டிகளும் நெருங்கிய இடத்தில் சிக்கினால் வெடிப்பாக மாறும். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பீறிட்டு, மேகமாகப் படர்ந்த பின்னரே வெடித்தது. 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் எல்.பி.ஜி. மேகம் வெடித்துச் சுமார் 60 பேர் இறந்தனர். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1992 ஏப்ரல் 22 அன்று பாதாளச் சாக்கடையில் சேர்ந்த பெட்ரோல் ஆவி தெருக்களையே பிளந்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தொழிற்பேட்டையில் ஒரு வாளித் தின்னரை வடிகாலில் ஊற்றுபவர் நினைவில் கொள்ள வேண்டிய ஊர் அது.

தீயில் சூடேறிய சிலிண்டர் வெடிப்பது இன்னொரு வகை. உள்ளே திரவம் கொதித்து, அழுத்தம் ஏறி, சூட்டில் இளகிய உருளை கிழிகிறது. வெளியேறும் வாயு தீப்பந்தாகிறது. 2017 ஜூலையில் கொடுங்கையூரில் பூட்டிய பேக்கரியில் பற்றிய தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். கடைக்குள் எத்தனை சிலிண்டர்கள், எங்கே என்பதை முதலில் தீயணைப்போரிடம் சொல்வதும், வேடிக்கை பார்க்கத் திரளாமல் விலகுவதும் உயிர் காக்கும் செயல்கள். கரைப்பான் பேரல்கள் நெருக்கி அடுக்கிய கிடங்கிலும் இதே ஆபத்து. 2020 பிப்ரவரி 29 மாதவரம் ரசாயனக் கிடங்குத் தீயும், 2024 மே இறுதியில் உயிர்களைப் பறித்த காக்களூர் பெயின்ட் தொழிற்சாலைத் தீயும் இந்தப் பகுதி அறிந்தவை.

அளவிடும் கருவி

கையடக்கக் கருவிகள் கீழ் வரம்பை 100 என்று வைத்து எல்.இ.எல். சதவீதம் காட்டும். 10 என்று காட்டினால் கீழ் வரம்பில் பத்தில் ஒரு பங்கு வாயு இருக்கிறது. அந்த நிலையிலேயே வெல்டிங், கட்டிங் நிறுத்தப்பட வேண்டும். 20இல் ஆட்கள் வெளியேற வேண்டும். பெரும்பாலான கருவிகள் மீத்தேனால் அளவீடு செய்யப்பட்டவை; டொலுவினுக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், திருத்தக் காரணி வேண்டும்.

சூடான மணியில் வாயுவை எரித்து அளக்கும் வகைக் கருவிக்கு ஆக்சிஜன் தேவை. மேல் வரம்பைத் தாண்டிய தொட்டிக்குள் அதன் முள் ஒருகணம் ஏறிப் பின் பூஜ்ஜியத்துக்கு இறங்கும். அதைப் பாதுகாப்பு என்று படிப்பது கொடிய தவறு. முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, பின்னர் நச்சு வாயு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். மேன்ஹோலுக்கு இந்த வரிசை மிக முக்கியம்: அங்கே மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு, அதன் செறிவு கூடும்போது மூக்கு மணத்தை உணராமல் போகும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது எந்த நிலையிலும் கூடாது. சமையல் வாயுவில் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் கீழ் வரம்பில் ஐந்தில் ஒரு பங்கிலேயே மணக்க வேண்டும் என்பது தரம். ஆனாலும் சளி பிடித்தவருக்கும், அந்த மணத்திலேயே நெடுநேரம் இருந்தவருக்கும் அது எட்டாது.

காற்றோட்டம்

ஒரு லிட்டர் டொலுவின் முழுதும் ஆவியானால் சுமார் 21 கன மீட்டர் காற்றைக் கீழ் வரம்புக்குக் கொண்டுவரும். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏறாமல் வைத்திருக்க 85 கன மீட்டர் புதுக் காற்று வேண்டும். மணிக்கு ஐந்து லிட்டர் ஆவியாகும் பெயின்ட் பூத்துக்கு மணிக்கு 425 கன மீட்டர் குறைந்தபட்சம். காற்று சமமாகக் கலக்காது என்பதால் அதன் பல மடங்கு வைக்க வேண்டும். உறிஞ்சும் வாய் தரையருகே இருக்க வேண்டும், விசிறியின் மோட்டார் ஆவிப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். ஈய-அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும் அறைக்கு உறிஞ்சும் வாய் கூரையடியில். ஹைட்ரஜன் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கசிவு நேரத்தில்

வாயு மணம் வந்தால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. எக்ஸாஸ்ட் விசிறிக்கும் இது பொருந்தும். சுடர்களை அணைத்து, ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாய்க்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேற வேண்டும். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அங்கே அணைக்கலாம். தொலைபேசி அழைப்பு வெளியே சென்ற பிறகு: எல்.பி.ஜி. கசிவுக்கு 1906, தீயணைப்புக்கு 101 அல்லது 112.

சாலையில் டேங்கர் கசிந்தால் காற்று வீசும் திசைக்கு எதிராக, மேட்டை நோக்கி விலக வேண்டும். மணலி, எண்ணூர் வட்டாரத்தை இணைக்கும் வெளிவட்டச் சாலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அருகில் உள்ளவர்களுக்கு இது அவசியப் பாடம். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் எல்.பி.ஜி. டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து தண்ணீர் தெளித்து வாயுவைக் கலைத்தனர். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீ மூளவில்லை. அங்கே நடந்தது இரண்டு வேலைகள்: கலவையைக் கீழ் வரம்புக்குக் கீழே இறக்கியதும், பொறியைத் தொலைவில் வைத்ததும்.

பட்டறையில் வைத்திருக்க வேண்டிய குறிப்பு

ஒவ்வொரு கரைப்பானுக்கும் வாயுவுக்கும் நான்கு விவரங்களைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்: கீழ் வரம்பு, ஃப்ளாஷ் பாயிண்ட், ஆவி மேலேறுமா தரையில் தங்குமா, கசிந்தால் யாரை அழைப்பது. விற்பவர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளில் இவை இருக்கும். கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை. அளவு மிகுந்தால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும், எல்.பி.ஜி. சிலிண்டர்களுக்கு அந்த எல்லை மொத்தம் 100 கிலோ. தொழிற்கூடத்தின் பாதுகாப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் மேற்பார்க்கிறது. புதிதாகச் சேரும் உதவியாளர் முதல் நாளில் கட்டரைத் தொடுமுன் இந்தத் தாளைப் படித்துக் காட்டுவது முதலாளியின் கடமை.